பெருக்கியவருக்கே படி

லஹ்தோ மல்கியின் தொழில் குழாய் வேலை. ஆனால் எருசலேமின் மதிலுக்குள் போய் அவரை விசாரித்தால், "யாரு, படிக்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். முப்பது வருஷமாக ஊரின் அடைப்பையெல்லாம் எடுத்துவிட்ட மனிதருக்கு அந்தத் தொழிலால் ஒரு பேர் வாய்க்கவில்லை. விடியலில் ஒரு படியைப் பெருக்குவதால் வாய்த்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. அவருடைய அப்பா பெருக்கினார், அதனால் அவர் பெருக்குகிறார்.

பெருக்கும் படி ஒன்றே ஒன்றுதான். மார் பர்சவ்மா சிற்றாலயத்துக்குச் சந்திலிருந்து ஐந்து படி இறங்க வேண்டும். இறங்கினால் வலப்பக்கம் லஹ்தோவின் சபையான சுரியானிகளின் ஆலயக் கதவு, இடப்பக்கம் அர்மேனியரின் சின்ன மடத்துக் கதவு. மேலே இருக்கும் நாலு படியும் அர்மேனியருடையவை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சுரியானிகள் ஜெபத்துக்கு இறங்கும்போதுகூட அந்த நாலிலும் விருந்தாளி மாதிரி மெல்லக் கால் வைத்துத்தான் இறங்குவார்கள். கடைசிப் படிதான் சிக்கல். அது அகலமானது, இரண்டு கதவுக்கும் முன்னால் பொதுவாக நீண்டு கிடப்பது. அதற்குப் பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. சுல்தான் காலத்திலிருந்து வழக்கம் ஒன்றுதான்: பெருக்கியவருக்கே படி. சுரியானிகள் நித்தம் பெருக்குகிறார்கள், ஆகவே அவர்களுடையது. என்றைக்காவது பொழுது சாய்வதற்குள் அவர்கள் பெருக்காமல் விட்டு, அர்மேனியர் துடைப்பத்தை எடுத்துவிட்டால் அன்றிலிருந்து அர்மேனியருடையது.

அந்த 'என்றைக்காவது' வரும் என்று காத்திருப்பதற்காகவே அர்மேனிய மடத்தில் ஓர் ஆள் உண்டு. கேகாம் என்று பேர். மடத்தில் துறவிகள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. சாவிகளும் கேகாமும் மிச்சம். லஹ்தோ பெருக்க வரும் நேரத்துக்கு அவரும் கதவைத் திறந்துகொண்டு, துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி நிமிர்த்திப் பிடித்து நிற்பார்.

"என்ன மச்சான், இன்னிக்கும் உசிரோடதான் எந்திரிச்சியா?"

"ஏமாந்துட்டியா? நாளைக்கு வந்து பாரு, ஒருவேளை அதிர்ஷ்டம் அடிக்கும்."

"அந்த மூலையில ஒரு இலை கிடக்கு."

"அது இலை இல்ல, கறை."

"குனிஞ்சு பாத்துச் சொல்லு."

"நீயே குனி. குனிஞ்சா நிமிர முடியுமா உன்னால?"

பெருக்கி முடிந்ததும் கேகாம் உள்ளே போய் ஏலக்காய் போட்ட காப்பியோடு வருவார். இருவரும் நாலாவது படியில், அதாவது சண்டையில்லாத படியில், உட்கார்ந்து குடிப்பார்கள்.

மச்சான் என்பது வாய்வார்த்தைக்குச் சொல்வதல்ல. லஹ்தோவின் மனைவி அராக்சி, கேகாமின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணம் எந்தக் கோயிலில் என்று பேசியே ஒரு வருஷம் ஓடிற்று. கடைசியில் பெண்வீட்டார் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள், படியைத் தவிர. இருவருடைய தாத்தாக்களும் துருக்கியில் நடந்த ஒரே பெருங்கொலைக்குத் தப்பி நடந்தே வந்தவர்கள்; ஒருவர் தூர் அப்தீனிலிருந்து, இன்னொருவர் ஊர்ஃபாவிலிருந்து. வழியில் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்திருக்கவும் கூடும். ஒரே கத்திக்குத் தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு கல்லுக்கு வெட்டிக்கொள்வதைப் பார்த்து வெளியூர் யாத்திரிகர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கல்லைத் தவிர வேறெல்லாம் போனவர்களுக்குத்தான் கல்லின் அருமை தெரியும் என்பது யாத்திரிகர்களுக்குத் தோன்றுவதில்லை.

லஹ்தோவுக்கு இதிலெல்லாம் தத்துவம் கிடையாது. "மேல ஆறு சபை, கீழ ஒரே சாக்கடை" என்பார். லத்தீன் கன்னியர் மடம், கிரேக்க மடம், முஸ்லிம் வீடுகள், மேற்கே புதுநகரத்தில் யூதப் பாட்டிமார் வீடுகள், எல்லா இடத்துக் குழாயும் அவருக்கு அத்துப்படி. எபிரேயத்தில் 'கசிவு', 'அடைப்பு', 'நாளைக்கு வரேன்' மூன்றும் சுத்தமாகச் சொல்லுவார்; அந்த மூன்றை வைத்தே மீதியையும் பேசிச் சமாளிப்பார். மகன் அஃப்ராம் ஸ்வீடனில் இருக்கிறான். வாராவாரம் கூப்பிடுவான்.

"அப்பா, இங்க வந்துடுங்க. நம்ம ஆளுங்க ஊரே இருக்கு இங்க. நமக்குன்னு கால்பந்து டீம்கூட இருக்கு."

"படி இருக்கா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட பேசு."

போய் ஏழெட்டு வருஷம் தங்கிவிட்டால், 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று சொல்லி இஸ்ரேல் அரசாங்கம் உள்ளூர் அட்டையைப் பிடுங்கிக்கொள்ளும். பாட்டனும் அப்பனும் புதைந்த ஊரில் அவருக்கு இருப்பது குடியுரிமை அல்ல, தங்கியிருக்க அனுமதி. விருந்தாளிக்கு உள்ள மரியாதைதான், விருந்துதான் இல்லை.

அந்த வருஷம் சந்தின் முகப்பு மாறிப்போயிருந்தது. மேல் மூலையில் இருந்த வீடு கைமாறிவிட்டது. விற்றவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாங்கியவர்கள் மொட்டைமாடியில் இஸ்ரேல் கொடி கட்டியதும் ஊருக்கே தெரிந்தது. குடிவந்தவர்களைக் காக்கக் காவல் வந்தது. காவலைக் காக்கக் கேமரா வந்தது. அந்த வழியே போகும் பையன்கள் சிலர், எல்லாரும் அல்ல, சிலர், ஆலயத்துச் சிலுவையைக் கண்டால் துப்பிவிட்டுப் போகும் வழக்கமும் வந்தது. எச்சில் கடைசிப் படியில் விழும். கழுவுவது உரிமை கொண்டாடுவதாகுமா என்று இரண்டு சபையும் கூடிப் பேசின. நூறு வருஷத்தில் அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே சங்கதி அன்றுதான் பிறந்தது: எச்சிலை யார் வேண்டுமானாலும் கழுவலாம்.

காவலுக்கு நின்றவன் ஃபவாஸ் என்ற இளைஞன். வடக்கே கலிலேயா மலைப்பக்கத்துத் துரூஸ்காரன். பேசுவது இவர்களுடைய அதே அரபி, போட்டிருப்பது அவர்களுடைய போலீஸ் சீருடை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். லஹ்தோவைக் கண்டால் 'பெரியப்பா' என்று எழுந்து நிற்பான். இவரும் தோலைப் பெருக்கிக்கொண்டே, "பாத்துத் துப்புடா, படிக்கு மேல வேணாம்" என்பார்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின ஒளிச் சனிக்கிழமை வந்தது. ஆண்டவருடைய கல்லறையிலிருந்து தீ வெளியே வந்து கைக்குக் கை பரவும் நாள். கூட்டத்தைக் காக்கிறோம் என்று சில வருஷமாக ஊரெங்கும் தடுப்பு வைக்கிறார்கள். கூட்டம் என்றால் உள்ளூர்க்காரர்கள். அந்த வருஷம் விடியுமுன்பே சந்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். லஹ்தோ துடைப்பத்தோடு போனபோது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேகாம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், அவரும் துடைப்பத்தோடு. முந்தின இரவு தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்ததன் பலன். தங்கை வீடு என்றால் லஹ்தோவின் வீடு. லஹ்தோ முகம் கழுவும் நேரம் பார்த்து நழுவி வந்திருக்கிறார்.

"திருட்டுப்பயலே, என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கு முன்னால ஓடி வரியா?"

"சோறு தங்கச்சி போட்டது."

தடுப்பில் நின்ற போலீஸ்காரர் புதியவர். லஹ்தோவைப் பார்த்து, "எங்க?" என்றார்.

"பெருக்க."

"என்னது?"

"படி. பெருக்கணும்."

அவர் கேகாமிடம் திரும்பினார். "நீங்க?"

"இவன் பெருக்குறானான்னு பாக்கணும்."

போலீஸ்காரர் இரண்டு துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்குப் பெருக்குங்க."

"நாளைக்குன்னா படி போயிடும்" என்றார் லஹ்தோ.

"படி எங்க போகும்?"

"அதோ, இவன்கிட்ட."

அதற்குமேல் அந்த மனிதருக்குப் பொறுமை இருக்கவில்லை. காலை முழுக்க இருவரும் அங்கேயே நின்றார்கள். ஒருவர் நகர்ந்தால் வேறு சந்து வழியே புகுந்து போய்விடுவாரோ என்று மற்றவருக்குப் பயம். லஹ்தோ கேகாமின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். கேகாம் லஹ்தோவின் துடைப்பத்தைப் பிடித்திருந்தார். கடைசியில் வயசு காரணமாக ஒதுங்கவேண்டி வந்தபோது, பக்கத்து மசாலாக் கடைக்காரர் வீட்டுக்குச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தார்கள். இதைக் கண்ட ஊர்க்காரர்கள் மைத்துனர்களின் பாசத்தைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டார்கள்.

பிற்பகல் மணிகள் அடித்தன. தீ வந்துவிட்டது. தடுப்புக்கு அப்பாலிருந்து யாரோ ஒரு பெண் எட்டித் தன் மெழுகுவர்த்தியை நீட்ட, இப்பால் நின்றவர்கள் ஏற்றிக்கொண்டார்கள். ஆட்களை மறிக்கத்தான் உத்தரவு, தீயை மறிக்க இல்லை போலிருக்கிறது. லஹ்தோ பற்றவைத்து, அதிலிருந்து கேகாமுக்கும் பற்றவைத்தார். அதற்குக் கேகாம் நன்றி சொல்லவில்லை. "சுரியானி தீ, புகையுது" என்றார்.

தடுப்பு விலகியதும் இரண்டு கிழவர்களும் ஓடினார்கள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. சந்து திரும்பி, நாலு படியும் இறங்கி, கடைசிப் படியில் வந்து நின்றார்கள்.

படி சுத்தமாக இருந்தது. பெருக்கி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

லஹ்தோ குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். "டேய் கேகாம், எப்படா பெருக்கின?"

"நானா? நாள் முழுக்க என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் கேக்குற கேள்வியா இது? நீதான் ஆள் வச்சிருப்ப!"

"பெரியப்பா!" என்று மேலிருந்து குரல் வந்தது. ஃபவாஸ் சிரித்துக்கொண்டே இறங்கிவந்தான். "இன்னிக்கு உங்களை விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் நானே பெருக்கிட்டேன். பண்டிகை நாளும் அதுவுமா சாமி வாசல் குப்பையாக் கிடந்தா நல்லாவா இருக்கும்? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

அவன் முகம் விளையாட்டுப்பிள்ளையின் முகம்; நல்லது செய்துவிட்டுப் பாராட்டுக்கு நிற்கும் முகம்.

"சார்ஜன்ட்டும் பாத்தாரு" என்று தொடர்ந்தான். "ரொம்ப நல்லா இருக்குன்னாரு. மேல வெயில் தாங்கல, இங்கதான் நிழல், அகலமாவும் இருக்கு, நாமதானே சுத்தம் பண்றோம், காவல் கூண்டை இங்கேயே இறக்கிடலாம்னு சொல்லிட்டாரு. நாளைக்கு வருது. இனிமே நான் உங்க பக்கத்துலயேதான் இருப்பேன் பெரியப்பா."

லஹ்தோ படியில் உட்காரப் போனவர், இப்போது அது யாருடைய படி என்று நினைப்பு வந்து உட்காராமல் நின்றார். ஆலயக் கதவுக்கு நேர் முன்னே கூண்டு. உள்ளே போகிறவனுடைய பையைத் திறந்து பார்ப்பார்கள். அட்டை கேட்பார்கள். ஒரு நாள், இன்றைக்கு ஜெபம் வேண்டாம் என்பார்கள். பிறகு, கதவு வழக்கமாகப் பூட்டித்தானே கிடக்கிறது என்பார்கள். குழாய்க்காரருக்குக் கசிவு எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று தெரியாதா?

தங்கள் பாதிரியாருக்குக் கைபேசியில் கூப்பிட்டார். முட்டிவலியோடு படுத்திருந்த கிழவர் அவர்.

"அபூனா, படியைப் பெருக்கிட்டாங்க."

"ஐயோ! அர்மேனியனா?"

"இல்ல. போலீஸ்."

அபூனா பெருமூச்சு விட்டார். "அர்மேனியன் பெருக்கியிருந்தாக்கூடப் பரவாயில்லையேடா."

பக்கத்தில் கேகாம் தன் சபையின் தலைமையான பெரிய மடத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்தும் அதே பதில், சபையின் பேரை மட்டும் மாற்றி.

ஃபவாஸ் மேலே போய்விட்டான். கேகாமுக்குச் சட்டமூளை உண்டு. தாடியை நீவிக்கொண்டே சொன்னார்: "மச்சான், பெருக்கினது பெருக்கினதுதான். ஆனா படியில குப்பை இருந்தா?"

"இருந்தா?"

"இன்னும் யாரும் பெருக்கலைன்னுதானே அர்த்தம்?"

லஹ்தோ அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். "குப்பை எங்க?"

ஃபவாஸ் கட்டிவைத்த பை மூன்றாவது படி ஓரமாக இருந்தது. லஹ்தோ அதை எடுத்துவந்து முடிச்சை அவிழ்த்தார். மெழுகுத்துண்டு, ஒலிவ இலை, எள்ளு ரொட்டித் துணுக்கு, சூரியகாந்தி விதைத் தோல்.

"வேற குப்பை கலக்கக் கூடாது" என்றார் கேகாம். "இதே குப்பைதான் போகணும். கலந்தா செல்லாது. அந்த சிகரெட்துண்டு நேத்தே கிடந்துதா?"

"அது இன்னிக்கு விழுந்தது."

"எடு. அது சேராது."

பொறுக்கினார்கள். பிறகு லஹ்தோ பையைச் சரித்து, முந்தின நாள் எங்கெங்கே எது கிடந்திருக்குமோ அங்கங்கே, சோற்றுக்கு உப்புத் தூவுவது மாதிரி பார்த்துப் பார்த்துத் தூவினார். பாதி தூவும்போது கேகாமின் கை நீண்டது.

"கொஞ்சம் நில்லு. நீ ஏன் கொட்டுற?"

"பின்ன?"

"கொட்டுறவன்தான் சொந்தக்காரன்னு நாளைக்கு நீ சொல்லமாட்டேன்னு என்ன நிச்சயம்? குடு, மீதிய நான் கொட்டுறேன்."

"முப்பது வருஷமா நான் பெருக்குற படி, நீ குப்பை கொட்டுவியா?"

"விடுடா பையை!"

"நீ விடுடா!"

பையை இருவரும் இழுத்தார்கள். அது லஹ்தோவின் கையோடு வந்தது. மீதிக் குப்பை காற்றில் பறந்து இறங்கியது. அதில் கொஞ்சம், அப்போதுதான் படியிறங்கி வந்த சார்ஜன்ட்டின் காலணியில் விழுந்தது.

அவருடைய பார்வையில் காட்சி தெளிவாகவே இருந்திருக்கும். தன் ஆட்கள் சுத்தம் செய்த இடத்தில், நாளைக்குக் கூண்டு வரப்போகும் இடத்தில், இரண்டு கிழவர்கள் குப்பை கொட்டுகிறார்கள்.

"யார் கொட்டினது?" என்று எபிரேயத்தில் கேட்டார்.

"நான்" என்றார் லஹ்தோ உடனே.

"பொய்! நான்தான் கொட்டினேன்" என்றார் கேகாம்.

"பாதிக்கு மேல கொட்டினது நான். அவன் சும்மா பக்கத்துல நின்னான்."

"கடைசியாக் கொட்டினது யாரு? நான்! கேமராவுல பாருங்க!"

ஒருவருக்காக ஒருவர் பழியை ஏற்கிறார்கள் என்று சார்ஜன்ட் நினைத்துக்கொண்டார். அவர் முகம் ஒரு கணம் இளகியதுபோலக்கூட இருந்தது. ஆனாலும் பை லஹ்தோவின் கையில் இருந்தது. அவரைத்தான் கூட்டிப்போனார்கள். ஃபவாஸ் மேலே சந்து முனையில் வாய் திறந்தபடி நின்றான். "பெரியப்பா, ஏன் இப்படிப் பண்ணீங்க? நான் கஷ்டப்பட்டுப் பெருக்கினேனே" என்றான்.

குற்றம்: புனித இடத்தை அசுத்தப்படுத்தியது. சாட்சி: கேமரா. துப்பியவர்களைப் பற்றிப் புகார் கொடுத்தபோதெல்லாம் பழுதாகியிருந்த அதே கேமரா, அன்று ஒவ்வொரு இலை விழுவதையும் பளிச்சென்று பதிந்து வைத்திருந்தது. தண்டனை: சில வாரங்களுக்கு மதிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அவருடைய வீடு, ஆலயம், மனைவி எல்லாம் மதிலுக்குள் இருந்தன. இருட்டும் முன்பே அவரை மதிலுக்கு வெளியே, வடக்கே பெய்த் ஹனீனாவில் அத்தைமகன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அராக்சிக்குச் செய்தி சொன்னவர் கேகாம். அவள் உயிர்ப்புப் பண்டிகைக்குப் பேரீச்சம்பழம் அடைத்த மஅமூல் பலகாரம் செய்துகொண்டிருந்தாள்.

"என் புருஷன் எங்க?"

"போலீஸ்ல."

"நீ ஏன் இங்க இருக்க?"

"என்னை எடுத்துக்கலை. நான்தான் கொட்டினேன்னு எவ்வளவோ சொன்னேன், நம்பலை."

"கொட்டுனீங்களா? எதை?"

அவர் சொன்னார். அவள் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பைத்தியம்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்று சொல்லி மஅமூலை அடுப்பில் வைத்தாள்.

சற்று நேரத்தில் லஹ்தோ கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "நாளைக்குப் படி?" என்றார்.

"நான் பெருக்குறேன்."

"நீ பெருக்கினா உங்கண்ணன் 'எங்க வீட்டுப் பொண்ணு பெருக்கிட்டா, படி எங்களுது'ம்பான்."

"சொல்லட்டும்."

"அராக்சி, அது வழக்கம். விளையாட்டில்ல."

"உங்க வழக்கத்துல பொம்பள பெருக்கினா யாருக்குன்னு சொல்லியிருக்கா?"

லஹ்தோ யோசித்தார். சுல்தான் காலம் முதல் இதுவரை ஊரிலுள்ள பெண்கள் எல்லா இடத்தையும் பெருக்கியிருக்கிறார்கள். அதற்காக யாரும் எதையும் அவர்களுக்கு எழுதிக்கொடுத்ததில்லை. "இல்ல" என்றார்.

"அப்ப படுங்க" என்றாள்.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தபோது அராக்சி கணவனின் துடைப்பத்தோடு போய்க் கடைசிப் படியைப் பெருக்க ஆரம்பித்தாள். கேகாம் தன் கதவைத் திறந்தார்.

"நீ யாராப் பெருக்குற?"

"கண்ணு தெரியலையா? அராக்சியாப் பெருக்குறேன்."

"அது இல்ல. சுரியானியாவா, அர்மேனியனாவா?"

"காப்பி போட்டுட்டு வா, சொல்றேன்."

அவள் பாதி பெருக்கும்போதே சந்தின் முனையில் குட்டி டிராக்டரின் சத்தம் கேட்டது. அதன் பின்னே கட்டிய வண்டியில் கூண்டு வந்தது: தகரமும் கண்ணாடியுமாக, ஓர் ஆள் உட்காரும் அளவு. ஃபவாஸும் இன்னும் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க, சார்ஜன்ட் முன்னால் வந்தார். பெருக்குபவளைக் கண்டு நின்றார்.

"இந்தம்மா யாரு? இங்க என்ன பண்றாங்க?"

ஃபவாஸ் அரபியில் மாற்றிக் கேட்டான். அராக்சிக்கு எபிரேயம் நன்றாகவே தெரியும். தெரியும் என்று அவள் காட்டிக்கொள்வதில்லை. மொழிபெயர்ப்பு முடியும்வரை இன்னும் கொஞ்சம் பெருக்கிக்கொள்ளலாம்.

"எங்க சபைப் படி, பெருக்குறேன்னு சொல்லுப்பா."

"எங்க சபைப் படி!" என்று கேகாம் பாய்ந்தார். "அவ எங்க பொண்ணு. ஞானஸ்நானம் எங்க கோயில்ல. இப்ப அர்மேனியன் பெருக்கியாச்சு!"

"கட்டிக்கொடுத்துட்டு இப்ப வந்து பொண்ணுங்கிறான் பாரு! நான் மல்கி வீட்டு மருமக. சுரியானிதான் பெருக்குறா!"

"அப்பா கல்லறையில சத்தியம் பண்ணுடி!"

"அப்பா கல்லறையில பூ வச்சு எத்தனை வருஷமாச்சுன்னு நீ முதல்ல சொல்லுடா!"

இது நடிப்பில்லை. இருவருக்கும் பழைய பாக்கி நிறைய இருந்தது. சத்தம் கேட்டு மேல்வீட்டு ஜன்னல் திறந்தது; சுரியானிகள் நாலு பேரும் அர்மேனியர் ஐந்தாறு பேரும் பண்டிகை உடுப்போடு இறங்கிவந்து ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் கைபேசியில் படமெடுத்தார். சார்ஜன்ட் ஒதுங்கிப்போய்த் தன் மேலதிகாரிக்குக் கூப்பிட்டார். ஃபவாஸின் காதில் விழுந்தது பிறகு ஊருக்கே தெரிந்தது. மேலிடத்தில் கேட்டார்களாம்: "ரெண்டு சபைக்கும் சண்டையிருக்கிற படியா? முட்டாளே, நாளைக்கு எல்லாத் தூதரகமும் போன் பண்ணும். அதைத் தொடாதே. சண்டையில்லாத இடமாப் பாத்து வை."

சார்ஜன்ட் திரும்பிவந்தார். நாலாவது படியைக் காலால் தட்டினார். "இது யாருடையது?"

ஃபவாஸ் மாற்றிக் கேட்டான்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஓர் அதிகாரி தன் உரிமையைக் கேட்கிறார் என்று கேகாமின் நெஞ்சு நிமிர்ந்தது. "எங்களுது! அர்மேனியரோடது. மேல நாலும் எங்களுது. யாரை வேணா கேளுங்க."

சார்ஜன்ட் சுரியானிகள் பக்கம் திரும்பினார். அவர்கள் நேர்மையான மனிதர்கள். "ஆமாம், அவங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல" என்றார்கள்.

"சந்தேகம் இல்லையே?"

"இல்ல."

"நல்லது" என்றார் சார்ஜன்ட். கூண்டு நாலாவது படியில் இறங்கியது. கால்கள் நிற்பதற்குக் கல்லில் துளைபோட்டு ஆணி அடித்தார்கள்.

கேகாம் அதை நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மடத்திலிருந்து கண்டனம் எழுதினார்கள். வேறு யாரும் உரிமை கோராத இடம், காவலுக்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. சுரியானிகளின் படி பிழைத்தது. சண்டை போட்ட படி தப்பித்தது, சண்டையில்லாத படி போயிற்று என்று மசாலாக் கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகு, தன் கடைக்கும் வாடகைத் தகராறு எதுவுமில்லையே என்று நினைவு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை பெய்த் ஹனீனாவில் லஹ்தோவின் கைபேசி அடித்தது. கேகாம்.

"மச்சான்."

"சொல்லு."

"நாலாவது படி உங்களுதுன்னு சொல்லு."

"என்னது?"

"உங்க தாத்தா அதையும் பெருக்கினாருன்னு சொல்லு. உங்க அபூனாவ விட்டு ஒரு ஆட்சேபம் போடச் சொல்லு. நான் இல்லைன்னு கத்துறேன். ஊர் கூடட்டும். சண்டை இருந்தா எடுத்துடுவாங்க."

"எங்க தாத்தா அதைப் பெருக்கலையேடா. பொய் சொல்லச் சொல்றியா?"

"முப்பது வருஷமா என் படிய உன்னுதுன்னு சொன்னியே, அப்ப எங்கடா போச்சு உன் சத்தியம்?"

"அது என்னுதுடா!"

"பாத்தியா, இதேதான். இதே குரல்லயே நாலாவதையும் சொல்லு."

லஹ்தோ ஜன்னல் வழியே தெற்கே பார்த்தார். அங்கிருந்து மதில் தெரியாது. மலையும் கட்டடங்களும்தான் தெரியும். மறுநாளே அபூனா முட்டிவலியோடு உட்கார்ந்து ஆட்சேபம் எழுதினார். அது தாமதமாக வந்த ஆட்சேபம் என்று பதில் வந்தது. கூண்டு இறங்கிய பிறகு பிறக்கும் சண்டைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லையாம்.

ஃபவாஸ் இப்போது கூண்டுக்குள் உட்காருகிறான். உள்ளே எழுந்து நிற்க இடமில்லாததால் கண்ணாடி வழியே தலையசைக்கிறான். லஹ்தோவின் தடை இன்னும் முடியவில்லை; விடியலில் அராக்சி வந்து கடைசிப் படியைப் பெருக்குகிறாள். கேகாம் துடைப்பத்தோடு கதவில் நிற்கிறார். அவள் முடித்ததும் நாலாவது படிக்கு ஏறி, கூண்டின் நாலு காலைச் சுற்றியும் துடைப்பத்தை விடுகிறாள். அப்போது கேகாம் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அதுதான் ஏற்பாடு.

"ஏய், அது எங்க படி! யாரைக் கேட்டுடி பெருக்குற?"

"இன்னும் சத்தமா" என்கிறாள் அவள் குனிந்தபடியே. "உள்ள இருக்கிறவனுக்குக் கேக்கல."